அரிக்கமேட்டில் முதல் லெவல்: சில குறிப்புகள்

2025 ஜனவரி 12, ஞாயிறு

தளத்துக்குத் தளம் தாவிப் போகும் எங்கள் பிளாட்ஃபார்ம் கேமின் முதல் லெவலை, புதுச்சேரிக்கு அருகே இருந்த பழைய வணிகத் துறைமுகமான அரிக்கமேட்டை வைத்து அமைப்பதென்று முடிவாகிவிட்டதால், இன்று காலை அரியாங்குப்பம் வழியாகப் போய் இடத்தைப் பார்த்து வந்தேன். இடிபாடு என்றதும் விளையாடுகிறவர்கள் எதிர்பார்க்கும் சாய்ந்த தூணோ பாசி படிந்த சிலையோ அங்கே கிடையாது. மரங்களுக்கு நடுவே கண்ணில் படுவது செங்கல் சுவர்கள்தாம். அவையும் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய இல்லத்தின் மிச்சம். ரோமானிய வணிகத்தைக் காட்டும் மதுச்சாடித் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்தவை. ஆகவே லெவல் இடமிருந்து வலமாக ஓடாமல், மேலிருந்து கீழாக, அகழாய்வுக் குழி போல இறங்க வேண்டும் என்று தோன்றியது. பிரெஞ்சுச் சுவரில் தொடங்கி, சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணற்றில் முடியலாம்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மதியத்துக்குமேல்தான் உட்கார முடிந்தது. கேம் உருவாக்க நாங்கள் பயன்படுத்தும் கோடோ (Godot) எஞ்சின் தரும் மாதிரி நிரலில் தாவும் வேகம் 400, ஈர்ப்பு 980. கணக்குப் போட்டால் பாத்திரம் ஏறத்தாழ 81 பிக்சல் உயரம் எழும்பும். சுவரையும் தரையையும் அடுக்கும் சதுரத் துண்டான எங்கள் டைல் 16 பிக்சல் என்பதால் ஐந்து டைல் உயரச் சுவரை மயிரிழையில்தான் தாண்ட முடியும். முதல் லெவலில் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை என்று எழுதி ஒட்டிவிட்டேன். விளிம்பை விட்டுக் கால் நழுவிய பின்னும் 0.1 விநாடி வரை தாவலை ஏற்றுக்கொள்ளும் சலுகையையும் சேர்த்தாயிற்று. 2018இல் வந்த செலெஸ்ட் (Celeste) கேமிலும் இந்தச் சலுகை உண்டு. இருப்பது விளையாடுகிறவருக்குத் தெரியாது, இல்லாவிட்டால் மட்டும் கேமைத் திட்டுவார்.

ஜனவரி 19, ஞாயிறு

1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸின் முதல் லெவலை மறுபடி ஆடிப் பார்த்தேன். முடிவுக்கு அருகில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும். அவற்றுக்கு இடையே தரை இருக்கிறது, தவறி விழுந்தால் ஏறி வந்துவிடலாம். சற்றுத் தள்ளி அதே போன்ற இன்னொரு இணை வரும்போது இடையில் தரை இல்லை, பள்ளம். ஒரு வரி எழுத்துக்கூட இல்லாமல், தெரிந்ததன் பக்கத்தில் தெரியாததை வைத்தே பாடம் நடந்துவிடுகிறது.

அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு நடத்திய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். இத்தாலியில் செய்யப்பட்ட அரெட்டைன் சிவப்புப் பாத்திரங்களின் காலம் முன்பே தெரிந்திருந்தது. அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அதைக்கொண்டு அவர் காலம் குறித்தார். எங்கள் லெவலில் சிவப்பு ஓடு கிடக்கும் தளம் எப்போதும் உறுதியானது என்று வைத்துவிட்டால், அதன் பக்கத்தில் இருக்கும் சாம்பல் நிறத் தளத்தை விளையாடுகிறவர் தாமாகவே ஐயத்தோடு பார்ப்பார். அம்புக்குறிப் பலகைகள் எல்லாவற்றையும் இன்றே நீக்கினேன். படம் வரையும் நண்பருக்கு வருத்தம்தான், அந்தப் பலகைகளை அவர் அழகாக வரைந்திருந்தார்.

ஜனவரி 25, சனி

கடலூரிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். முதல் சாம்பல் தளம் காலடியில் உதிர, கீழே இருந்த சிவப்பு ஓட்டுத் தளத்தில் விழுந்தாள், அடுத்த சாம்பல் தளத்தின் முன் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு, "மாமா, செவப்பு இல்லாதது எல்லாம் விழுமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் ஓடி வந்து, உதிர்வதற்குள் தாவிக் கடந்துவிட்டாள். உறைகிணற்றின் சுடுமண் வளையங்களில்தான் சிக்கல்: விளிம்புகள் மிக மெல்லியதாக இருப்பதால் அவற்றில் நிற்கலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. வளையத்துக்கு இரண்டு பிக்சல் தடிப்புக் கூட்டி, மேல் விளிம்பில் ஒரு சிவப்பு ஓட்டுத் துண்டும் வைக்கும்படி நண்பருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.