தேக்கா எருமைகளோடு சபை சபையாக

மேடைப்பேச்சு பழகும் எங்கள் தமிழ் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் நான் எதைப் பேசினாலும் கைதட்டல் விழும். ஐந்தாவது நிமிடம் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு என்ற விளக்குக் கணக்கும் பழகிவிட்டது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பேச வந்தவர்கள். இன்று எனக்குத் தட்டினால் நாளை அவர்களுக்கு நான் தட்டுவேன். பேச்சு எங்கே தொய்கிறது என்று இதில் எப்படித் தெரியும்?

அதனால் ஒரே பேச்சைத் தூக்கிக்கொண்டு தெரியாத சபைகளாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்த மாட்டு வியாபாரம்தான் பேச்சு. பஃபலோ ரோடு, கெர்பாவ் (மலாயில் எருமை) ரோடு எல்லாம் அதன் மிச்சம்.

மூத்தோர் நிலையத்தில் "தேக்கா சந்தை" என்று வாயெடுத்ததுமே, "எதுப்பா, பழசா புதுசா?" என்று ஒரு பாட்டி கேட்டார். 1982இல் இப்போதைய கட்டடம் வருவதற்கு முன் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த சந்தையில் மீன் வாங்கியவர் அவர். பாதி நேரம் அவர்களே பேசினார்கள். சரி, யாரும் தூங்கவில்லை.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வேறு ரகம். அடுக்குமொழி வந்தால் கண் போனுக்குப் போய்விடும். "கேகே மருத்துவமனையில் பிறந்தவர்கள் கை தூக்குங்க" என்றதும்தான் அறைக்கு உயிர் வந்தது. அந்த "கேகே"யே கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி. அங்கே 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்ததைச் சொன்னேன். ஒரு பையன் அதே போனில் வகுத்துப் பார்த்து, "ஒரு நாளைக்கு 109!" என்றான்.

என் பேச்சையே புரட்டிப் போட்டது வெளிநாட்டு ஊழியர் விடுதி. ஞாயிறு மாலை, பெரும்பாலும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். மாடு வளர்த்தவர்கள் முன்னால் மாட்டைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் தைரியம்தான். அந்த வட்டாரத்தில் ஓடும் ரோச்சோர் ஆற்றை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணே, எருமைக்கு வெயில் தாங்காது. தண்ணியில கெடக்கணும். அதான் ஆத்தோரமா கட்டியிருப்பாங்க" என்றார். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு என்று நான் படித்திருந்தேன். ஆனால் அவர் கழுத்தை நீட்டி, எருமை சேற்றில் இறங்குவதைச் செய்து காட்டியபோது சபையே சிரித்தது. அப்புறம் என் ஆடம்பர முன்னுரையைத் தூக்கிவிட்டேன். இப்போது பேச்சு ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது.

அடுத்து ஆங்கிலத்தில். சீனர்கள் அதிகம் வரும் ஒரு சமூக மன்றத்தில் இடம் கேட்டிருக்கிறேன். சேறு அப்படியே இருக்கும், சந்தையைக் குறைத்துக்கொள்வேன். பழைய சந்தைக்குப் போனவர் யாராவது அங்கே இருந்தால், அதை அவரே நீட்டிக்கொள்வார்.