ஆளுமைத் தேர்வுக்கு முன் ஒருமுறை ஊருக்குப் போங்கள்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வு எழுதிவிட்டு, நேர்காணலுக்குத் தயாராகும் டெல்டா மாவட்டத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இறுதிப் பட்டியலில் பெயர் வந்த நாளிலிருந்து என்னிடம் எல்லோரும் கேட்பது, "இன்டர்வியூவுக்கு என்ன படிச்சீங்க?" என்பதுதான். நாளிதழ் படித்தேன், விருப்பப் பாடத்தைத் திரும்பப் புரட்டினேன். அதை எல்லோரும் செய்வார்கள். எனக்குக் கை கொடுத்தது வேறு ஒரு வேலை.

மொத்தம் 2025 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்காணலுக்கு 275. மத்தியத் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) நேர்காணலுக்கு வைத்திருக்கும் பெயரே ஆளுமைத் தேர்வு. பாட அறிவை எழுத்துத் தேர்வில் பார்த்தாகிவிட்டது. இங்கே பார்ப்பது மனத்தெளிவு, நடுநிலையாக முடிவெடுக்கும் பக்குவம், ஆர்வங்களின் ஆழம், பிறரோடு சேர்ந்து இயங்கும் திறன், நேர்மை ஆகியவற்றை என்று அறிவிக்கையே சொல்கிறது. டில்லியில் தேர்வாணைய அலுவலகமான தோல்பூர் ஹவுஸில் நேர்காணல் குழுவினர் முன்னால் இருப்பது நீங்கள் நிரப்பிய விரிவான விண்ணப்பப் படிவத்தின் சுருக்கம். நாம் 'டாஃப்' என்று சொல்வோமே, அதுதான். பிறந்த ஊர், பெற்றோர் தொழில், படித்த இடங்கள், பொழுதுபோக்கு, பணி விருப்பம்.

பயிற்சி மையங்களில் இந்தப் படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் வரக்கூடிய கேள்விகளைத் தொகுத்துத் தருவார்கள். திருவாரூர் மாவட்டம் என்றால் தேர், தியாகராஜர், நெல் உற்பத்தி, ஹைட்ரோகார்பன். படிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வரிகள் உங்கள் வாழ்க்கைக்குள் யார் மூலமாக வந்தன என்று யாரும் கேட்கச் சொல்வதில்லை. அதைத்தான் நான் செய்தேன். ஒரு நோட்டை எடுத்து, படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். இது யாரால் எனக்கு வந்தது, அவர் என்ன செய்ததை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் இன்று நான் எப்படி நடந்துகொள்கிறேன், அவரோடு எங்கே வேறுபடுகிறேன் என்று எழுதினேன். கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. அதிகம் சொல்லிக் கொடுப்பதும் அதுவே. எழுதி முடித்ததும் ஊருக்குப் போய் அந்த ஆட்களையே பார்த்துப் பேசினேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, கிளை வாய்க்கால்களைத் தாண்டி எங்கள் வயலுக்கு வரும்போது மேலே உள்ளவர்கள் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். நான் ஏழாம் வகுப்பு போனது 2012-ல். அந்த ஆண்டிலிருந்து 2019 வரை வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவே இல்லை. தண்ணீர் வருமா என்று வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டே வளர்ந்தேன்.

சொந்த ஊர் என்ற வரியின் பக்கத்தில் தாத்தாவின் பெயரை எழுதினேன். கோயில் நிலத்தில் குத்தகை சாகுபடி செய்தவர். மடை திறக்கும் முறை வரும்போது, இரவானாலும், அவர் எங்கள் வயலுக்கு முன்னால் கீழ்மடைக்காரரை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார். ஏன் என்று இந்த முறை ஊருக்குப் போனபோது கேட்டேன். "நாளைக்கு மேல இருக்கறவன் நமக்குச் சொல்லாம வெட்டினா நீ என்ன கேப்ப?" என்றார். நீர்ப் பங்கீடு பற்றி நான் படித்ததெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் அடங்கியது. குத்தகைச் சட்டங்களும் அப்படித்தான். தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952, சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்திருந்தேன். 1955-க்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது என்று அவரிடம் கேட்டபோதுதான், நிலத்தைவிட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயம் போனதை அவர் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார் என்று தெரிந்தது.

வேறுபடும் இடமும் இருந்தது. வெண்மணி பற்றித் தாத்தா வீட்டில் பேசியதே இல்லை. 1968 டிசம்பர் 25-ல், கூலி உயர்வு கேட்டுப் போராடிய ஊரில், ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்த்தஞ்சையில் பிறந்த யாரிடமும் குழு அதைக் கேட்கலாம். தேதியும் எண்ணும் சொன்னால் போதாது. உங்கள் வீட்டில் அதை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாத்தாவிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்போது தங்கள் தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை என்றார். மடையில் அவ்வளவு நியாயம் பார்த்த மனிதர் அங்கே பேசாமல் இருந்திருக்கிறார். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தேன். நம்மை வளர்த்தவர்களை முழுக்கப் பார்ப்பது அவர்கள் மேல் உள்ள மரியாதையைக் குறைக்காது. அதைப் பார்க்காமல் ஓர் ஆட்சியர் நாற்காலியில் போய் உட்காரக் கூடாது என்று நினைக்கிறேன்.

தலைமைப் பண்பு என்ற பக்கத்தில் முதலில் கல்லூரியில் நான் வகித்த பொறுப்பை எழுதி, அடித்துவிட்டு, அத்தையின் பெயரை எழுதினேன். அத்தை நடவுக்கு ஆள் சேர்த்துப் போவார். யார் வீட்டு நாற்று எந்த நாளில் பறிக்கும் பருவத்துக்கு வரும், எந்த வயலில் சேறு தயார், குழந்தை வைத்திருக்கும் பெண்ணை எந்த வரிசையில் நிறுத்துவது என்று எல்லாம் அவர் மனதில் இருக்கும். கூலி பேசும்போது குரல் உயராது, தொகையும் குறையாது. நேரடி விதைப்பு பரவி நடவு வேலை குறைந்தபோது, அதே பெண்களை நூறு நாள் வேலைக்கு அழைத்துப் போனவரும் அவர்தான். "உன்கூட வரவங்கள்ல யாரு ரொம்பக் கஷ்டத்துல இருக்கான்னு காலையிலயே தெரிஞ்சுக்கணும் தம்பி" என்று ஒருநாள் சொன்னார். நிர்வாகம் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பொழுதுபோக்கு வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்மையாகச் செய்வதை மட்டும் போடுங்கள். நான் பாரம்பரிய நெல் வகைகள் என்று போட்டிருந்தேன். ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்கு அப்பாவோடு போயிருக்கிறேன். 'நெல்' ஜெயராமன் தொடங்கி வைத்த முறைப்படி, இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித் தந்திருக்கிறோம். அதனால் அவர் மீட்டெடுத்த 174 வகைகளைப் பற்றிக் குழுவினர் கேட்டபோது, எங்கள் களத்தில் காய்ந்த மாப்பிள்ளைச் சம்பாவிலிருந்தே பேச்சைத் தொடங்க முடிந்தது.

'ஏன் இந்தப் பணி?' என்ற கேள்வி நிச்சயம் வரும். சேவை செய்ய ஆசை என்று எல்லோரும் சொல்வார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் கல்லூரி மாணவன். தென்னை சாய்ந்து, மின்கம்பம் சாய்ந்து, ஊர் இருட்டில் கிடந்தது. எங்கள் கிராம நிர்வாக அலுவலர் ஒரு பெண். பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து சேதப் பட்டியல் எழுதினார். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னையும் கூட உட்கார வைத்துக்கொண்டார். ஓட்டு வீட்டுக்காரர்கள் முன்னால் வந்து நிற்க, குடிசைக்காரர்கள் கூச்சத்தோடு பின்னால் நின்றார்கள். அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்து, வரிசையின் கடைசிக்குப் போய் அங்கிருந்து எழுத ஆரம்பித்தார். அந்த அம்மாவை இந்தமுறை தேடிப் போய்ப் பார்த்தேன். அப்படிச் செய்தது அவருக்கு ஞாபகமே இல்லை. என் பதில் அதுதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இப்போது நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நேர்காணலின் பெரும்பகுதி அவன் புண்ணியம். டில்லி பழைய ராஜிந்தர் நகரில் என்னோடு அறையில் இருந்தவன் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்துக்காரன். விசுவேசுவரய்யா கால்வாய்ப் பாசனத்தில் அவன் வீட்டில் கரும்பும் நெல்லும். காலையில் எழுந்ததும் நான் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பேன், அவன் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணையின் மட்டத்தைப் பார்ப்பான். 2023 செப்டம்பரில் ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் அப்பா தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று மறியலில் இருந்தார். என் அப்பா கருகும் குறுவை வயலில் நின்றிருந்தார். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்புறம் அவன்தான் ஒரு வழி சொன்னான். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பையும், உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, நான் கர்நாடகத்துக்காகவும் அவன் தமிழ்நாட்டுக்காகவும் வாதாட வேண்டும். 1892, 1924 ஒப்பந்தங்கள் மைசூர் சமஸ்தானம் ஆங்கிலேயர் மேலாதிக்கத்தில் இருந்தபோது போடப்பட்டவை என்பதையும், பெங்களூரின் குடிநீரையும் நான் எடுத்துச் சொன்னேன். நம் பழைய ஆயக்கட்டையும், ஜூனில் தண்ணீர் வராவிட்டால் குறுவையே இல்லை என்பதையும் அவன் சொன்னான். கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 192 டிஎம்சி 177.25 ஆகக் குறைந்தது எங்கள் பக்கம் எப்படி வலிக்கிறது என்று ஒரு மண்டியாக்காரன் வாயால் கேட்டது எனக்கு மறக்காது. நேர்காணலுக்கு முன் இந்தப் பயிற்சியை ஒருமுறையாவது செய்யுங்கள். காவிரிதான் என்றில்லை. உங்களோடு ஒத்துப்போகாத, ஆனால் நீங்கள் நேசிக்கிற ஒருவரோடு செய்யுங்கள்.

குழுவில் ஒருவர் கேட்டார்: கடைமடை விவசாயி மகனாகிய உங்களை மண்டியாவில் ஆட்சியராகப் போட்டால்? காவிரி நீர் மேலாண்மை ஆணையம் மாதவாரியாகச் சொல்லும் அளவை நிறைவேற்றுவது கடமை, அதில் பேச்சில்லை என்றேன். ஆனால் கால்வாயில் எவ்வளவு வரும் என்று அங்குள்ள விவசாயிக்கு விதைப்பதற்கு முன்பே தெரிய வேண்டும், அப்போதுதான் அவர் பயிரை மாற்றிக்கொள்ள முடியும் என்றேன். பற்றாக்குறை ஆண்டில் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பில் இருந்தாலும், அதற்கான கணக்கில் இரு மாநிலமும் ஒத்துப்போகாததால், பயிர் நிற்கும் செப்டம்பரில் சண்டை வருகிறது, அதை ஜூனுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும் என்றேன். பேசும்போது என் மனதில் இரண்டு அப்பாக்களும் இருந்தார்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்வேன். வீட்டுக் கஷ்டத்தைக் குழுவின் இரக்கத்துக்காக எடுத்து வைக்காதீர்கள். அம்மா நகையை அடகு வைத்ததும் அப்பா கடன் வாங்கியதும் உங்கள் மனதில் இருக்கட்டும். கேட்டால் நேராகச் சொல்லுங்கள், கேட்காமல் அங்கே கொண்டு போகாதீர்கள். அவர்கள் வாழ்க்கையிலிருந்து நீங்கள் கற்ற நடத்தையைக் கொண்டு போங்கள். மாதிரி நேர்காணல்களில் நிறைய பேர் இந்த இடத்தில் குரல் தழுதழுக்கப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருந்தது.

சில நடைமுறைகள். ஊருக்குப் போவதை முதன்மைத் தேர்வு முடிவுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். தேர்வு எழுதி முடித்த கையோடு போய்விடுங்கள், அறுவடை நேரமாக இருந்தால் கூடவே நில்லுங்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக நெல்லைக் காயவைத்துக் காத்திருக்கும்போது பேசக் கிடைக்கும் நேரம் வேறெங்கும் கிடைக்காது. ஆட்களிடம் பேசும்போது போனில் பதிவு செய்யாதீர்கள், பேச்சு இறுகிவிடும். இரவில் நினைவிலிருந்து எழுதுங்கள். மாதிரி நேர்காணல் சில போதும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகத் திருத்துவார்கள், எல்லாவற்றையும் ஏற்றால் உங்கள் பேச்சு உங்களுடையதாக இருக்காது. நேர்காணலைத் தமிழிலும் எதிர்கொள்ளலாம், மொழிபெயர்ப்பாளர் உடன் இருப்பார். நோட்டில் எழுதியதை இரண்டு மொழியிலும் ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். எந்த மொழியில் சொல்லும்போது அத்தையும் தாத்தாவும் முழுசாக வருகிறார்களோ அதுதான் உங்களுக்கு ஏற்ற மொழி.