245 வகுப்பறைகளில் ஒரே ஓர் ஆசிரியர்

பள்ளிகளுக்குக் கணினியோ டேப்லெட்டோ வழங்கும் திட்டம் ஒன்றின் அறிக்கை கைக்கு வந்தால், எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்ற பக்கத்தைத் தாண்டிச் சென்று, யாராவது வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார்களா என்றுதான் நான் முதலில் தேடுவேன். அப்படிப் பார்த்து எழுதப்பட்டவற்றுள் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது, லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தின் ஐபேட் திட்டத்தைப் பற்றி 2014 செப்டம்பரில் வெளிவந்த மதிப்பீட்டு அறிக்கை.

அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது; அப்போது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். அந்த மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் ஜான் டீசியின் தலைமையில், ஒவ்வொரு மாணவர் கையிலும் ஓர் ஐபேட் என்ற திட்டம் 2013இல் தொடங்கியது. இணைய வசதியையும் சேர்த்து மொத்த மதிப்பீடு ஏறத்தாழ 130 கோடி டாலர். பாடநூல் வெளியிடும் பியர்சன் நிறுவனத்தின் மின்வழிப் பாடத்திட்டத்தோடு ஒரு கருவியின் விலை 768 டாலர். ஆனால், வாங்கிய நேரத்தில் அந்தப் பாடத்திட்டம் முழுமையாக எழுதி முடிக்கப்படவே இல்லை. கருவிகள் வந்த சில வாரங்களிலேயே ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கட்டுப்பாட்டு அமைப்பை நீக்கிவிட்டுத் தடைசெய்யப்பட்ட தளங்களைப் பார்த்தார்கள். செய்தித்தாள்கள் அதைத்தான் பெரிதாக எழுதின. என் பார்வையில் அதைவிடக் கவலைக்குரியது விசைப்பலகை விவகாரம். மாநிலத்தின் புதிய கணினிவழித் தேர்வை எழுதுவதற்கும் இந்தக் கருவிதான் என்று சொல்லப்பட்டது. தேர்வுக்குத் தனி விசைப்பலகை தேவை. அது விலையில் சேர்க்கப்படவில்லை. எந்த வேலைக்காக வாங்குகிறோம் என்பதை முதலிலேயே எழுதி வைத்திருந்தால், இந்தக் குறை கொள்முதலுக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

மதிப்பீட்டை மேற்கொண்ட அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் 245 வகுப்பறைகளை நேரில் பார்த்தார்கள். பியர்சன் பாடத்திட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர் அவற்றில் ஒரே ஓர் ஆசிரியர். இந்த அறிக்கை வெளியாவதற்கு முந்தைய மாதமே, ஆப்பிள், பியர்சன் நிறுவனங்களுடன் அதிகாரிகள் ஒப்பந்தத்துக்கு முன்பு நடத்திய மின்னஞ்சல் தொடர்புகள் வெளியாகி, ஒப்பந்தம் நிறுத்தப்பட்டிருந்தது. அக்டோபரில் டீசி பதவி விலகினார். ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள் என்று இதைப் படிப்பது அநியாயம். அரைகுறைப் பாடத்தையும் போதாத பயிற்சியையும் கொடுத்துவிட்டு, முப்பது பிள்ளைகள் முன்னால் ஒருவரை நிறுத்தினால், அவர் தமக்குத் தெரிந்த வழியில் பாடம் நடத்துவதுதான் பொறுப்பான செயல்.

பயன்பாட்டு நேரத்தை மட்டும் பதிவு செய்தாலும் போதாது. ஒளிவிலகல் பற்றிய ஒரே காணொளியை இரண்டு வகுப்புகளில் காட்டியதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு வகுப்பில் அது தொடக்கம் முதல் முடிவு வரை ஓடியது; பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள். இன்னொன்றில், பென்சில் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் ஆசிரியை காணொளியை நிறுத்தி, இனி என்ன தெரியும் என்று குறிப்பேட்டில் வரையச் சொன்னார். வரைந்த பிறகே மீதியை ஓடவிட்டார். இரண்டு வகுப்புகளின் கணினிப் பதிவிலும் ஒரே வரிதான் இருந்திருக்கும்.

எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பது இதைவிடச் சிக்கலானது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்பித்தல் மென்பொருளைக் கொண்டு நடந்த ஆய்வை இதற்காகவே நான் பலருக்கும் படிக்கச் சொல்கிறேன். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஜாந்த்ரோ கனிமியன் ஆகியோர் குலுக்கல் முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பள்ளி நேரத்துக்குப் பிறகு அவர்களுக்கு 45 நிமிடம் மென்பொருளும் 45 நிமிடம் சிறுகுழுப் பாடமும் கிடைக்கச் செய்து, குலுக்கலில் வராத பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். நாலரை மாதத்தில் ஆய்வாளர்கள் வைத்த தேர்வில், கணக்கில் 0.37 திட்டவிலக்க அளவுக்கு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை அளக்கும் அலகு இது) முன்னேற்றம் தெரிந்தது. இத்துறையில் அது பெரிய எண். ஆனால், பள்ளியின் வழக்கமான கணக்குத் தேர்வில் அந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரியவில்லை. காரணம் எளிது: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் கணக்கில் நான்கு வகுப்புகளுக்கும் மேல் பின்தங்கியிருந்தார்கள், மென்பொருள் அவர்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்கிக் கற்பித்தது, பள்ளித் தேர்வோ ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை மட்டுமே கேட்டது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு நிலைக்கு ஏறிய பிள்ளையின் உழைப்பு அந்தத் தாளில் பூஜ்ஜியமாகவே தெரியும். பள்ளி மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால், ஒரு நல்ல திட்டம் தோல்வி என்று மூடப்பட்டிருக்கும்.

லாஸ் ஏஞ்சலஸுக்கும் இத்தகைய ஒப்பீட்டுக்கான வாய்ப்பு இருந்தது. முதற்கட்டத்தில் கருவி போனது 47 பள்ளிகளுக்கு மட்டுமே. அந்தப் பள்ளிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, கருவி வருவதற்கு முன்பே எல்லா இடங்களிலும் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று ஒரு தேர்வு வைத்து, ஓராண்டு காத்திருந்தால், காத்திருக்கும் பள்ளிகளே ஒப்பீட்டுக்குப் போதுமானவையாக இருந்திருக்கும். கூடுதல் செலவு என்பது ஒரு தேர்வும், வகுப்பறையில் உட்காரச் சில பயிற்சி பெற்ற பார்வையாளர்களும்தான். கட்டம் கட்டமாகக் கருவி வழங்கும் எந்தக் கல்வி அலுவலகமும், இரண்டாம் கட்டத்துக்கான கொள்முதல் ஆணையில் கையெழுத்திடும் முன் இதைச் செய்ய முடியும்.