நெல் பட்டியலின் இரண்டு ஓரங்கள்

2024 ஜூன் 3, திங்கள்

விதை வங்கியின் நெல் பட்டியல் முழுவதும் நோட்டிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு ஏறிவிட்டது. ஆடிப் பட்டத்துக்கு முன் சரிபார்த்தாக வேண்டும். தவறான பெயரில் விதை போனால் ஒருவருக்கு ஒரு போகம் வீண்.

பெயர்ப் பத்தியில், அதாவது நெல் பெயர்கள் உள்ள நெடுவரிசையில், முதலில் மின் (MIN), மேக்ஸ் (MAX) இரண்டையும் ஓட்டினேன். ஒரு பத்தியின் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எடுத்துத் தருபவை இவை. எண்ணுக்கு மட்டுமல்ல, எழுத்துக்கும் இவை செல்லும். வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பது மின், கடைசியில் நிற்பது மேக்ஸ்.

மின் வெறுமையாக வந்தது. 'நல்' (NULL, மதிப்பே இல்லாத இடம்) ஆக இருக்க முடியாது, அதை இவை கணக்கிலேயே எடுப்பதில்லை. பெயர் எழுதாமல் விட்ட வெற்றுச் சரம் அது, எல்லாவற்றையும்விடச் சிறியது. அதை நீக்கினால் முன்னால் இடைவெளி ஒட்டிய ஒரு பூங்கார். ஓர இடைவெளிகளை வெட்டும் டிரிம் போட்டுச் சரிசெய்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

நெல்லின் வயதை நாள் கணக்கில் சொல்லும் பத்தியில் மின் 110, மேக்ஸ் 90! பத்தி டெக்ஸ்ட் வகை, எண்ணையும் எழுத்தாகவே பார்க்கும். முதல் எழுத்தான 1, 9-ஐவிடச் சிறியது என்பதோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. இன்டிஜராக, அதாவது முழு எண்ணாக, மாற்றப் போனால் பிழை வந்து நின்றது. ஒரு வரிசையில் '135 நாள்' என்று இருந்தது. அதைத் திருத்தியதும் 60, 180. அறுபதாம் குறுவையும் காட்டுயானமும். இப்போது நம்பலாம்.

ஜூன் 6, வியாழன்

இன்று மாலை முழுக்க ஒரே கேள்வியில் போனது. பெயர்ப் பத்தியின் மின் 'அன்னமழகி' என்கிறது. பெரியம்மாவின் நோட்டில் முதலில் இருப்பது அறுபதாம் குறுவை. அகராதி வரிசையில் ற முன்னே, ன கடைசி. நோட்டுதான் சரி.

எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதிதான் கொலேஷன். எங்கள் தரவுத்தளம் 'சி' கொலேஷனில் உருவானது. அது ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோட் எண்ணை மட்டுமே பார்க்கும். யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகளுக்கான பழைய குறியீட்டுத் தரமான இஸ்கியின் அமைப்பைப் பின்பற்றியது. அதில் ந-வுக்கு அடுத்தே ன, ர-வுக்கு அடுத்தே ற. புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால். அதனால் 'பக்கம்' என்பதற்கு முன் 'பகல்' வந்துவிடும். நம் அகராதியில் க் முடிந்த பிறகுதான் க.

மருந்து எளிது. மின் அடைப்புக்குள் பத்திப் பெயரை அடுத்து கொலேட் சேர்த்து, பல மொழிகளின் வரிசை விதிகளைத் தரும் ஐசியு (ICU) நிரல் தொகுப்பு வழியாகக் கிடைக்கும் தமிழ்க் கொலேஷனைக் கொடுத்தேன். போஸ்ட்கிரெஸ் 10 முதல் இது உண்டு. அறுபதாம் குறுவை முதலில் வந்து நின்றது. மனம் நிறைந்தது.

ஜூன் 7, வெள்ளி

இன்று மேக்ஸ். பழைய கொலேஷனில் 'வாலான்'. தமிழ்க் கொலேஷனில் 'ஜீரகச் சம்பா', ஏனென்றால் அங்கே கிரந்த எழுத்துகள் ன-வுக்கும் பின்னால். பட்டியலில் சீரகச் சம்பாவும் தனியாக இருக்கிறதே! பழைய வரிசையில் ஜ, ச-வுக்கு அடுத்து நடுவில் ஒளிந்திருந்தது.

பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "ரெண்டும் ஒரே நெல்லுதான்யா. ரெண்டு பேர் எழுதினாங்க, அவ்வளவுதான்" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

பத்தியின் கொலேஷனையே தமிழுக்கு மாற்றிவிட்டேன். தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கேள்வியில் மட்டும் கொலேட் சேர்த்தால், தேடலை விரைவாக்க வேறு கொலேஷனில் கட்டிய இன்டெக்ஸ் உதவாது, பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டியிருக்கும். எங்கள் சிறு பட்டியலுக்கு அது பெரிதில்லை. பெரிய பட்டியல் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

அப்புறம், இரண்டு சாடிகளையும் திறந்து பெரியம்மாவோடு நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். ஒன்றே. சீரகச் சம்பா என்ற பெயரில் இரண்டு பதிவுகளையும் சேர்த்தாயிற்று.