ஆன்லைன் குடோனுக்கு கல்சட்டி பேக் பண்ணி அனுப்பினது

சேலத்துல நாங்க கல்சட்டி, அதாவது மாக்கல்லுல செஞ்ச சமையல் சட்டி வாங்கி, அடுப்புக்குப் பழக்கி, விக்கறோம். ரெண்டு வருஷமா ஆர்டர் வர வர வீட்ல இருந்தே ஒவ்வொண்ணா பேக் பண்ணி கூரியர்ல போட்டுட்டு இருந்தோம், எப்பவாச்சும் ஒண்ணு உடையும், மத்தபடி பிரச்சனை இல்ல. போன ஆடி மாசம்தான் மொத்தமா அந்த ஆன்லைன் கம்பெனி குடோன்லயே ஸ்டாக் வச்சுடலாம், டெலிவரி அவங்க பாத்துக்குவாங்கன்னு முடிவு பண்ணி முதல் தடவையா 40 சட்டி அனுப்பினோம். ஸ்டாக்ல ஏறினது 27. ஆறு உடைஞ்சு போச்சு. மீதி ஏழு, சட்டிக்கு ஒரு கீறல் கூட இல்ல, ஆனா பார்கோடு படிக்கலன்னு ஒதுக்கி வச்சுட்டாங்க. உடைஞ்ச ஆறை விட அந்த ஏழுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது, அதனாலதான் இதை எழுதறேன், கல்சட்டி மாதிரி எண்ணெய் படற பொருள் விக்கறவங்க யாருக்காவது உதவும்.

முதல்ல பேப்பர் வேலை. குடோன் தமிழ்நாட்டுக்குள்ளயே இருந்ததால புது ஜிஎஸ்டி நம்பர் வாங்கல, இருக்கற ரெஜிஸ்ட்ரேஷன்லயே அந்த குடோன் அட்ரஸை கூடுதல் தொழில் இடமா சேர்த்தா போதும்னு ஆடிட்டர் சொன்னார், வெளி மாநில குடோன்னா அங்க தனியா எடுக்கணும். நம்ம ஸ்டாக் நம்ம இடத்துக்கே போறதால பில் போடல, சரக்கோட கூட அனுப்பற டெலிவரி சலான் சீட்டுதான். தமிழ்நாட்டுக்குள்ள 1 லட்சம் ரூபாய்க்கு மேல சரக்கு மதிப்பு போனாதான் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டு போறதுக்கு ஆன்லைன்ல எடுக்கற ஜிஎஸ்டி சீட்டு, எங்களுது அதுக்கு ரொம்ப கீழ. அப்புறம் ஒவ்வொரு பெட்டி மேலயும் எம்ஆர்பி, எத்தனை பீஸ், தயாரிச்ச மாசம் வருஷம், நம்ம பேர் அட்ரஸ், கம்ப்ளைண்டுக்கு போன் நம்பர், இதெல்லாம் சட்டப்படி இருக்கணும். கூரியர்ல ஒவ்வொண்ணா அனுப்பறப்பவே ஒட்டியிருக்கணும்தான், குடோனுக்குப் போறப்பதான் ஒழுங்கா ஒட்ட ஆரம்பிச்சோம்.

இப்ப அந்த ஏழு சட்டி விஷயம். கல்சட்டியை பழக்கறதுன்னா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி வச்சு, சூடான வடிகஞ்சி ஊத்தி ஊத்தி சில நாள் விடுவோம், அப்பதான் அடுப்புல வச்சா விரிசல் விடாது. மாக்கல் அந்த எண்ணெயை உள்ள இழுத்துக்கும். நாம துடைச்சு எடுத்தா கைக்கு காஞ்ச மாதிரிதான் தெரியும், ஆனா கவர்ல போட்டு மூடி, வெயில்ல லாரியில போறப்ப திரும்ப வேர்த்த மாதிரி வெளிய வரும். நாங்க பார்கோடு லேபிளை சட்டியைச் சுத்தின பிரவுன் பேப்பர் மேலயே ஒட்டியிருந்தோம். அதுவும் சின்ன தெர்மல் பிரிண்டர்ல எடுத்த லேபிள், மை ரிப்பன் இல்லாம சூட்டுலயே கருப்பாகற ரகம். அந்த ரகத்துக்கு எண்ணெயும் ஆகாது, சூடும் ஆகாது. திரும்பி வந்த ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தேன், பேப்பர்ல உள்ளங்கை அளவு மஞ்சள் கறை, அதுக்கு நடுவுல லேபிள், கோடெல்லாம் தண்ணி கலந்த மை மாதிரி வெளுத்து, ஒரு மூலையில மட்டும் நாலு கோடு நல்லா கருப்பா நிக்குது. எந்த மெஷின் அதைப் படிக்கும் சொல்லுங்க.

இப்ப பழக்கி முடிச்சதும் நிழல்ல மூணு நாள் துணி விரிச்சு கவுத்து வைக்கறோம், அப்புறம் பாலிதீன் கவர், அதுக்கு மேல ஃபோம் ஷீட், அப்புறம் தனித்தனி சின்ன பெட்டி, லேபிள் அந்த பெட்டி மேலதான். லேபிளும் ரிப்பன் போட்ட பிரிண்டர்ல, கடையில குடுத்து எடுக்கறோம். கோடு மேல செல்லோ டேப் ஒட்டறதில்ல, அது பளபளன்னு லைட்டை திருப்பி அடிச்சுடும். கவர் வாய் 5 இன்ச்சோ அதுக்கு மேலயோ இருந்தா குழந்தைங்களுக்கு மூச்சு முட்டும்னு எச்சரிக்கை பிரிண்ட் ஆகியிருக்கணும், அந்த மாதிரி கவரே ரெடியா கிடைக்குது. பழைய பெட்டியை திரும்ப யூஸ் பண்ணினா அதுல இருக்கற பழைய பார்கோடெல்லாம் மறைச்சுடுங்க, ஸ்கேனர் எதை முதல்ல பாக்குதோ அதைத்தான் எடுக்கும்.

உடைஞ்ச ஆறுக்கு வரேன். எங்க மாமனார் காலத்துல சந்தைக்கு வைக்கோல் சுத்தி சாக்குல கட்டி வண்டியில போகும், அபூர்வமாதான் உடையும். ஏன்னா ஏத்தறவரும் இறக்கறவரும் அது கல்சட்டின்னு தெரிஞ்சவங்க. குடோன்ல அப்படி இல்ல, பெல்ட்ல ஓடற ஆயிரம் பெட்டியில இதுவும் ஒரு பெட்டி, தூக்கறவருக்கு உள்ள என்னன்னு தெரியாது, தெரிஞ்சுக்க அவருக்கு நேரமும் இல்ல. வைக்கோல், கிழிச்ச பேப்பர், தெர்மாகோல் உருண்டை மாதிரி உதிரியா கொட்டறது எதையும் குடோனுக்குப் போற பெட்டிக்குள்ள போடவும் கூடாது.

பெட்டி செய்யற அண்ணன்கிட்ட போய் உடைஞ்ச துண்டை காட்டினேன். கையில வாங்கி திருப்பித் திருப்பி பாத்துட்டு, "ஏம்மா, எல்லாம் காதுகிட்டயே விட்டிருக்கு பாரு, பெட்டியோட சுவர்ல காது முட்டுது, சட்டியோட மொத்த வெயிட்டும் அந்த இடத்துல போய் நிக்குது"ன்னார். அவர் சொன்னது அப்படியே சரி. ஆறுல அஞ்சு காதுகிட்ட உடைஞ்சிருந்துச்சு. நாங்க சுத்திலும் பபிள் ராப் நிறைய போட்டிருந்தோம், ஆனா காது ரெண்டும் வெளிய நீட்டிட்டு இருந்த இடத்துல அது ஒரு சுத்துதான். அவரே தடிமனான ஃபோம்ல காது அளவுக்கு ரெண்டு பள்ளம் வெட்டிக் குடுத்தார், சட்டி உக்காந்தா காது அதுல மிதக்கும், சுவரைத் தொடாது. சட்டி உள்ளயும் காலியா விடறதில்ல, ஒரு ஃபோம் உருளை, மூடி தனியா சுத்தி அதுக்கு மேல.

பேக்கிங் தாங்குதான்னு பாக்கற டெஸ்டுக்கு, பேக் பண்ணின பெட்டியை 3 அடி உயரத்துல இருந்து சிமெண்ட் தரையில 5 தடவை போடணும், அடிப்பக்கம், மேல்பக்கம், நீளமான பக்கம், குட்டையான பக்கம், ஒரு மூலை. நல்ல சட்டியை வேணும்னே கீழ போடறதுக்கு எனக்கு கையே வரல, வீட்டுக்காரர்தான் போட்டார். முதல் மாடல் மூலையில போட்டப்ப விரிசல் விட்டுச்சு, அடியில இன்னொரு அடுக்கு ஃபோம் வச்சோம், ரெண்டாவது தாங்கிடுச்சு.

வெளிப் பெட்டி முன்னாடி 3 ப்ளை, அதாவது மூணு அடுக்கு அட்டை, இப்ப 5 ப்ளை. ஒரு சட்டி சுமாரா 2 கிலோ, முன்னாடி பெட்டிக்கு 8 வச்சோம், இப்ப 6க்கு மேல வைக்கறதில்ல, ஒருத்தர் தனியா தூக்கி பொறுமையா இறக்கற வெயிட்டா இருக்கணும். டேப் நடு கோட்டுலயும் ரெண்டு ஓரத்துலயும். ஷிப்மெண்ட் லேபிளை மூடுற கோட்டு மேல ஒட்டாதீங்க, பிரிக்கறப்ப கத்தி அது மேலதான் போகும்.

செலவு சட்டிக்கு முன்னாடியை விட 38 ரூபாய் கூடியிருக்கு, அதை விலையில ஏத்திட்டோம். ரெண்டாவது ஷிப்மெண்ட் வெறும் 12 தான் அனுப்பிப் பாத்தோம், ஒண்ணு மட்டும் மூடி விரிசல். மூணாவது 36, ஆறு பெட்டி. வியாழக்கிழமை சாயங்காலம் டேஷ்போர்டுல 36க்கு 36 ஏறியிருந்துச்சு, உடனே பெட்டி அண்ணனுக்கு போன் போட்டு சொன்னேன், அடுத்து பணியாரக் கல்லுக்கு அளவு எடுக்க வரச் சொல்லியிருக்கார்.