கைப்பிரதியை நீட்டுவதற்கு முன்: தெருவில் சுவிசேஷம் பேசப் போகிறவர்களுக்கு

தெரு ஊழியம் என்றதும் நம் சபைகளில் பலருக்கு நினைவு வருவது ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி, இல்லையென்றால் பேருந்து நிலைய வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் கைப்பிரதி திணிப்பது. இரண்டிலுமே எதிரே இருப்பவர் வாய் திறக்க வழியில்லை. பவுல் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு தினந்தோறும் சம்பாஷணை பண்ணினான் என்றுதான் அப்போஸ்தலர் 17 சொல்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கும் முதலில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். பிறகுதான் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இந்துக்களும் முஸ்லிம்களும் தன்னிடம் கேட்ட எதிர்க்கேள்விகளையும் சேர்த்தே எழுதி வைத்தார். சம்பாஷணை என்றால் இரண்டு பேர் பேசுவது. அதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் இடம். ஒரே ஒரு அளவுகோல் போதும்: நீங்கள் பேசுகிறவர் நினைத்த நொடியில் எழுந்து போக முடியுமா? கடற்கரை மணல், பூங்கா பெஞ்சு, டீக்கடைக்கு வெளியே உள்ள நடைபாதை, சந்தை ஓரம், இங்கெல்லாம் முடியும். ஓடுகிற ரயில் பெட்டி, மருத்துவமனை வார்டு, ரேஷன் கடை வரிசை, இங்கெல்லாம் முடியாது. படுக்கையில் இருக்கிற நோயாளி உங்களுக்குத் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது, பலவீனம். பள்ளிக்கூட வாசல் கூடவே கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டாம், கைப்பிரதியும் கொடுக்க வேண்டாம். கோயில் வாசலிலும் மசூதி வாசலிலும் நிற்காதீர்கள். சாமி கும்பிட வந்தவரை அந்த வாசலிலேயே மறிப்பது மரியாதைக் குறைவு. தேர், தீமிதி, விநாயகர் ஊர்வலம் நடக்கிற நாளில் அந்தத் தெருப் பக்கமே போக வேண்டாம்.

காலை எட்டிலிருந்து பத்து வரை யாரும் நிற்க மாட்டார்கள். மாலை ஐந்துக்கு மேல், வெயில் தாழ்ந்து விளக்குப் போடுகிற வரைக்கும் நல்ல நேரம். நடைப்பயிற்சி செய்பவரை நிறுத்தாதீர்கள், உட்கார்ந்திருப்பவரிடம் போங்கள். பேருந்து நிறுத்தத்தில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடம்தான். அங்கே பெரிய விஷயத்தைத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வது மேல்.

இரண்டிரண்டு பேராகப் போங்கள். இயேசு சீஷர்களை அப்படித்தான் அனுப்பினார். நான்கு பேர் போனால் எதிரே இருப்பவருக்குச் சூழ்ந்துகொண்ட மாதிரி இருக்கும். பெண்களிடம் பெண்களே பேசட்டும். கணவன் மனைவியாக இருவர் போனால் இன்னும் நல்லது. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. இது கடினம், ஏனென்றால் சும்மா நிற்பவருக்கு வசனம் வாயில் வந்து முட்டும். ஆனால் அவருக்கு வேறு வேலை இருக்கிறது: மனதுக்குள் ஜெபிப்பது, கேட்பவரைக் கவனிப்பது. பாதம் வேறு பக்கம் திரும்பிவிட்டதா, கை மொபைலுக்குப் போகிறதா, "ம்... ம்..." என்று அவசர அவசரமாகத் தலையாட்டுகிறாரா? அப்போது முதல் ஆளின் முழங்கையை லேசாகத் தொட்டால் போதும், பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும்போதே யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிடுங்கள். "வணக்கம்ணா, நாங்க பக்கத்துச் சர்ச்சுல இருந்து வர்றோம். இயேசுவைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசலாமா? வேணாம்னா பரவாயில்லைங்க." அவ்வளவுதான். கருத்துக்கணிப்பு என்று சொல்லி ஆரம்பித்து நான்காவது கேள்வியில் சுவிசேஷத்தை நுழைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது பொய். பொய்யில் ஆரம்பித்துச் சத்தியத்தைச் சொல்ல முடியாது. தெருவில் அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்றே கூப்பிடுங்கள். "பிரதர்", "சிஸ்டர்", "ஸ்தோத்திரம்" எல்லாம் சபைக்குள் இருக்கட்டும். அதே மாதிரி அபிஷேகம், மீட்பு, விடுதலை என்று நாம் விளக்கம் இல்லாமல் அடுக்குகிற சொற்களும் வெளியே இருப்பவர் காதில் வேறு பொருளில் விழும்.

வேண்டாம் என்றால் "சரிங்க, நன்றி" என்று நகர்ந்துவிட வேண்டும். சரி என்றால், நீங்கள் உடனே ஆரம்பிக்காமல் அவரைப் பேச விடுங்கள். "நீங்க சாமி கும்பிடுறதுண்டா? கஷ்டம்னா யார்கிட்ட வேண்டிக்குவீங்க?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மனம் திறப்பார்கள். குலதெய்வம், நேர்த்திக்கடன், வேளாங்கண்ணிக்குப் போய் வந்தது, பிள்ளை கிறிஸ்தவப் பள்ளியில் படித்தது என்று நிறைய வரும். நடுவில் திருத்தாதீர்கள். பேச்சில் பாதிக்கு மேல் அவருடையதாக இருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள்.

உங்கள் முறை வரும்போது ஒரே ஒரு கதை சொல்லுங்கள். நான்கு கோட்பாடுகளை வரிசையாக ஒப்பிப்பதைவிட லூக்கா 15இல் உள்ள கெட்ட குமாரன் கதை நம் ஊரில் நன்றாகச் செல்லும், ஏனென்றால் இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் பாகப்பிரிவினை தெரியும். அப்பா உயிரோடு இருக்கும்போதே "என் பங்கைப் பிரிச்சுக் கொடு" என்று இளையவன் கேட்கிறான் என்றதும், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். சொத்தை அழித்ததை விலாவாரியாகச் சொல்ல வேண்டாம். பன்றி மேய்க்கிற இடத்தில் சற்று நில்லுங்கள். பிறகு அவன் வீடு திரும்புகிறான், அப்பா தூரத்திலேயே அவனைக் கண்டு ஓடுகிறார். வயதான பெரிய மனிதர், ஊர் பார்க்க, தெருவில் ஓடுகிறார். இங்கே அவசரப்படாதீர்கள், இதற்காகத்தான் கதையே. மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள். கதையிலிருந்து சிலுவைக்குப் போக ஒரே வாக்கியம் போதும்: அந்த அப்பா ஓடிவந்த மாதிரிதான் கடவுள் இயேசுவில் நம்மிடம் வந்தார், நம் கடனைத் தானே சிலுவையில் சுமந்தார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார்.

"நான் யாருக்கும் கெடுதல் பண்ணினதில்லைங்க, எனக்கென்ன பாவம்?" என்று அடிக்கடி கேட்பார்கள். இங்கேதான் பலர் "எல்லாரும் பாவிதான்" என்று விரலை நீட்டிக் காரியத்தைக் கெடுப்பது. அதே கெட்ட குமாரன் கதையில் வரும் மூத்த மகனைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு தப்பும் செய்யாதவன், வீட்டைவிட்டுப் போகாதவன், ஆனால் தம்பி திரும்பி வந்ததற்காக அப்பா வைத்த விருந்துக்கு உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நிற்கிறான். அவனையும் அப்பாதான் வெளியே வந்து கூப்பிடுகிறார். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

"எல்லா சாமியும் ஒண்ணுதானே" என்பவரிடம் வாதாடாமல், "உங்களுக்கு இயேசுவைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேளுங்கள். "வெள்ளைக்காரன் சாமி" என்றால், இயேசு பிறந்தது மேற்கு ஆசியாவில், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேரும் முன்பே கேரளத்தில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்று அமைதியாகச் சொல்லலாம். "உங்களுக்கு எவ்வளவு காசு தர்றாங்க?" என்றால் உள்ளதைச் சொல்லுங்கள், சம்பள ஊழியராக இருந்தால் ஆமாம் என்றே சொல்லுங்கள். ஆனால் எல்லாவற்றிலும் கனமான கேள்வி இது: "உங்க சர்ச்சுல மட்டும் ஜாதி இல்லையா?" இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிப் பிரித்து வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. "இருக்கு, அது பாவம், இயேசு அதுக்கு எதிரானவர்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சப்பைக்கட்டு கட்டினால் கேட்பவர் அதோடு எழுந்து போய்விடுவார், போவதும் நியாயம்.

இதையொட்டி நம்மில் பலர் மறைக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் ஞானஸ்நானம்வரை வந்தால், சட்டப்படி அவருக்கு என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது நம் கடமை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிள்ளையின் கல்லூரி இடமும் வேலையும் இதில் அடங்கியிருக்கிறது. இந்த ஆணை அநியாயம் என்று நாம் நினைக்கலாம். அதற்காக அதைச் சொல்லாமல் ஒருவரைத் தண்ணீரில் இறக்குவது அன்பு ஆகாது.

ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டால் நம் மக்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பெயரும் தேவையும் கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் கை வைக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். அரை நிமிடத்துக்குள், அவருக்குப் புரிகிற தமிழில் முடியுங்கள். நோய் தீரும், கடன் அடையும், வேலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. சுகர் மாத்திரையை நிறுத்தலாமா என்று யாராவது கேட்டால் "டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க" என்பதுதான் பதில். பேச்சோடு சேர்த்துப் பணமோ அரிசியோ கொடுக்காதீர்கள். உதவி தேவைப்படுகிறவருக்கு வேறொரு நாளில், சுவிசேஷத்தோடு முடிச்சுப் போடாமல் உதவுங்கள்.

அவர் ஜெபத்தில் ஆமென் சொன்னதால் இரட்சிக்கப்பட்டார் என்று கணக்கெழுதாதீர்கள். பூஜை அறையில் இன்னொரு படமாக இயேசுவையும் சேர்த்துக்கொள்வார், அவ்வளவுதான் நடந்திருக்கும். அறிக்கை அனுப்புவதற்காக எண்ணிக்கை கேட்கிற தலைமை, ஊழியரைப் பொய்யராக்குகிறது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், எத்தனை பேர் நின்று பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். போட்டோ, வீடியோ எடுக்காதீர்கள். நீங்கள் பதிவிடும் படத்தால் அவருக்கு வீட்டிலும் தெருவிலும் தொல்லை வரும்.

கைப்பிரதி கடைசியில், பேச்சு முடிந்த பிறகு, கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஏ4 தாளின் கால்பங்கு அளவில் நான்கு பக்கம் போதும். எழுத்து 12 புள்ளிக்குக் குறைந்தால் பெரியவர்களால் படிக்க முடியாது. சபையின் பெயர், முகவரி, ஒரு தொலைபேசி எண், அச்சகத்தின் பெயர் இருக்கட்டும். வேறு தெய்வத்தைக் கேலி செய்கிற ஒரு வரி, ஒரு படம்கூட இருக்கக் கூடாது. ஆர்வம் காட்டுகிறவருக்குக் கைப்பிரதியைவிட மாற்கு சுவிசேஷம் தனிப் புத்தகமாகக் கொடுப்பது நல்லது, பதினாறே அதிகாரம். திரும்பும்போது வந்த வழியே நடந்து, கீழே கிடக்கும் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு போங்கள்.

சட்டம் சுருக்கமாக. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புவது என்றால் தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்வது, அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் உள்ளூர் வழக்கறிஞரைக் கேட்காமல் தெருவில் இறங்க வேண்டாம். பிற மத உணர்வைப் புண்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 299, 302ஆம் பிரிவுகளில் வரும். கூட்டம் சேர்ந்து குரல் உயர்ந்தால் "சரிங்க, கிளம்புறோம்" என்று சொல்லி நடந்து வந்துவிடுங்கள். ஓடவும் வேண்டாம், மொபைலை எடுத்துப் படம் பிடிக்கவும் வேண்டாம். போலீஸ் கேட்டால் பெயர், சபை, அடையாள அட்டை, உள்ளதை உள்ளபடி.

தொடர்பு எண்ணை நீங்கள் கொடுங்கள், அவருடையதைக் கேட்காதீர்கள். அவராகவே கொடுத்தாலும் வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். "ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டால், ஆராதனை எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடியும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதைச் சொல்லி, பேசிய நீங்களே வாசலில் நில்லுங்கள். புதிதாக வந்தவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வேண்டாம் என்று போதகரிடம் முன்பே சொல்லிவையுங்கள். காணிக்கைப் பை வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க போட வேண்டியதில்லைங்க" என்று காதோடு சொல்லிவிடுங்கள்.