சுவிட்சை அணைத்த பிறகும் பேசிய கார்டு

பழைய கார்டு காலாவதியானதும் வங்கி அனுப்பிய புதியதில் நான்கு வளைகோடுகள் கொண்ட சின்னத்தை முதன்முறையாகக் கவனித்தேன். தொடாமலே பணம் செலுத்தலாம் என்பதற்கான அடையாளம் அது. அதே வாரம் உறவினர் ஒருவர் ஒரு காணொளியை அனுப்பினார். கூட்டத்தில் நிற்பவரின் பின்பாக்கெட் அருகே ஒருவர் ஸ்வைப் மெஷினைக் கொண்டுபோகிறார், ரசீது வந்துவிடுகிறது. அன்றிரவே கார்டை அலுமினியத் தாளில் சுற்றிவைத்தேன். இரண்டு நாளில் தாள் கிழிந்து பர்ஸ் முழுக்கத் துகள்களானது. சரி, பயப்படுவதற்கு முன் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அருகில் வைத்தாலே தகவலைப் பரிமாறிக்கொள்ளும் என்எஃப்சி வசதி என் போனில் உண்டு. கார்டைப் படித்துக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை நிறுவி, இணையத்தைத் துண்டித்துவிட்டு, கார்டைப் போனின் முதுகில் வைத்தேன். பதினாறு இலக்க எண்ணும் காலாவதித் தேதியும் அப்படியே திரையில் வந்து நின்றன. பெயர் வரவில்லை. பின்புறம் அச்சிட்டிருக்கும் சிவிவி எண்ணும் வரவில்லை. அது சிப்பிலேயே இல்லை. இருந்தாலும், தொடாமலே எண் போய்விடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

பிறகு தூரத்தை அளந்தேன். இடையில் புத்தகங்களை வைத்து உயர்த்திக்கொண்டே போனதில், இரண்டு விரற்கடை தாண்டியதும் போன் திணறியது. கார்டுக்குள் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியின் காந்தப்புலத்திலிருந்துதான், 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதற்கு மின்சாரமே கிடைக்கிறது. சாதாரணக் கருவிகளுக்குப் பத்து சென்டிமீட்டர் என்பதே தாராளம். பர்ஸில் இரண்டு கார்டுகளை ஒட்டிவைத்தபோது போன் ஒருமுறை ஒன்றைப் படித்தது, மறுமுறை எதையுமே படிக்கவில்லை. அலுமினியத் தாளுக்குள் இருந்த கார்டு மட்டும் வாயே திறக்கவில்லை.

எண் கிடைத்தால் பணமும் கிடைத்துவிடுமா? இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும் சிப் தன்னிடமுள்ள ரகசியச் சாவியைக் கொண்டு ஒரு புதிய குறியீட்டைக் கணக்கிடுகிறது. கூடவே, இது எத்தனையாவது பரிவர்த்தனை என்று எண்ணும் எண்ணிக்கையும் ஏறுகிறது. நேற்றைய குறியீட்டை இன்று மறுபடி நீட்டினால் வங்கி மறுத்துவிடும். ஆக, எண்ணைப் படித்தவன் அதை வைத்துப் போலிக் கார்டு செய்து கடையின் மெஷினில் தட்டிப் பணம் செலுத்த முடியாது. காணொளியில் வந்தவனைப் போல ஸ்வைப் மெஷினோடு அலைபவனுக்கு வணிகர் கணக்கு வேண்டும். பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும். திருடுகிறவன் தன் முகவரியைக் கொடுத்துவிட்டுத் திருடுவது போலத்தான் இது. சிவிவி கேட்காமலே விற்கும் இணையதளங்கள் சில இருக்கின்றன. என்னைக் கவலைப்படுத்தியது அதுதான்.

எனவே வங்கிச் செயலியில் தேடிப்பிடித்து, தொடாமல் செலுத்தும் வசதியை அணைத்தேன். கடையில் தட்டிப் பார்த்தேன், மறுத்தது. சிப்பைச் செருகிப் பின் எண் போட்டதும் வேலை செய்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்து போனில் வைத்தால், அதே பதினாறு இலக்கங்கள்!

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். முதலில் எடுத்தவர், "அணைத்துவிட்டீர்கள் அல்லவா, இனி யாரும் படிக்க முடியாது" என்றார். "நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேனே" என்றேன். சற்று மௌனம். இன்னொருவருக்கு மாற்றினார், அவர் வேறொருவருக்கு. மூன்றாமவர்தான் நேராகச் சொன்னார்: அந்த சுவிட்ச் வங்கியின் கணினியில் இருக்கிறது, அணைத்த செய்தி கார்டுக்குத் தெரியாது. யார் கேட்டாலும் அது பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பணம் கேட்டு வரும் கோரிக்கையை வங்கி தள்ளிவிடும். அலைகளை வாங்கி அனுப்பும் கம்பிச்சுருளான ஆன்டெனா இல்லாத கார்டு தருவீர்களா என்றதற்கு, இல்லை என்றார்.

காலாவதியான பழைய கார்டும் இதே வகைதான். அதன் பின்னால் டார்ச் அடித்தேன். ஓரமாகச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பி நிழலாகத் தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு துளை போட்டேன். போன் அதன்பின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. புழக்கத்தில் இருக்கும் கார்டில் இதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. ஏடிஎம்மில் சிக்கிக்கொண்டால் யாரிடம் போய் விளக்குவது?

கடைசியில் தட்டும் வசதியைக் குறைந்த வரம்போடு மறுபடி திறந்துவிட்டேன். இணையவழிப் பரிவர்த்தனையை அணைத்துவைத்திருக்கிறேன். தேவைப்படும்போது மட்டும் திறக்கிறேன். ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வருகிறது.

இதற்கிடையே படித்த ஒரு செய்தி என் சோதனையையே கேலி செய்தது. 2024இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் என்கேட் என்ற ஆண்ட்ராய்டு தீம்பொருளைப் பற்றி எழுதியிருந்தது. வங்கிச் செயலி போல நடித்து, "கார்டைப் போனின் பின்னால் வையுங்கள், பின் எண்ணைப் போடுங்கள்" என்று கேட்கும். கார்டு பேசுவதை அப்படியே தொலைவில் இருக்கும் திருடனின் போனுக்கு அனுப்பும். அவன் ஏடிஎம்மில் பணம் எடுப்பான். பத்து சென்டிமீட்டர் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. முகம் தெரியாத யாரோ எழுதிய செயலியை நம்பிக் கார்டைப் போனில் வைத்தவன் நானும்தானே! அன்றே அந்தச் செயலியை நீக்கினேன்.

உறவினரிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவர் அதற்குள் உலோக உறை வைத்த பர்ஸ் வாங்கியிருந்தார். அவர் போனில் வங்கிச் செயலி என்ற பெயரில் இரண்டு இருந்தன; எது உண்மையானது என்று கேட்டேன். கண்ணாடியைத் தேடப் போனார்.